வேறபடம் துஷ்யந்தி டிஷ் தாங்கிய படலம்

எஹலியகொடைக்கு மேலே ரப்பர் மரங்கள் வரிசை கலையாத படைபோல் அணிவகுத்து நிற்கும் மலைச்சரிவிலே, பன்னிரண்டு ஒற்றையறைக் காம்பராக்கள் ஒரே தகரக் கூரையின் கீழ்த் தோளோடு தோள் ஒட்டிக் கிடக்கும் தொழிலாளர் லயத்திலே, ஐந்தாம் காம்பராவில் தோன்றியவளும், விடியுமுன் எழுந்து முந்நூறு மரங்களைக் கத்திமுனையால் கீறிப் பால் கவர்ந்தவளும், அட்டைகள் அறுபது ஒருங்கே பற்றினும் அசையாத கணுக்காலினளும், இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே ஓர் உண்மையைத் தலைச்சுமையாய்ச் சுமந்து எங்கும் இறக்கி வைக்க இடம் கிடைக்காதவளுமாகிய துஷ்யந்தியின் போரைச் சொல்லப் புகுகிறோம். சிரட்டையில் பால் சொட்டுவதுபோல் சொற்கள் நின்று நிதானமாய்ச் சொட்டுக. மழை வந்து அவற்றைக் கெடுக்காதிருக்க.

அந்தப் பெரும்போர் மூண்டது ஒரு பேய்ப்படத்தினால்.

துஷ்யந்திக்கு ஒன்பது வயதாயிருந்தபோது வந்த தீபாவளியிலே, தாய்மார் வேலைக்குப் போனபின் பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகளை ஆண்ட ஜெயம்மா, லயத்தின் முதல் டீவிக்கு உரிமை பூண்ட அந்த மாதரசி, கடைத்தெருவில் அப்லால் நானாவின் கடையிலிருந்து ஓர் உறையில் இரண்டு சீடிகளை வாங்கி வரச் செய்தாள். முதல் சீடியின் நெற்றியில் கறுப்பு மையால் ஒன்று என்றும், அடுத்ததன் நெற்றியில் இரண்டு என்றும் எழுதியிருந்ததேயன்றி வேறு எழுத்து ஏதுமில்லை. படத்தின் பெயர் ஓடும் இடத்தைக் கீறல்கள் தின்றிருந்தன. ஆகவே பெயரற்ற அந்தக் காவியம் பங்களாப் படம் என்றே அழைக்கப்பட்டு, தீபாவளிதோறும் பௌர்ணமி விடுமுறையாம் போயாதோறும் திரையேறி, குழந்தைகளின் உள்ளங்களில் கல்வெட்டாய்ப் பதிந்தது.

ஒன்றாம் சீடியில் ஒரு பாழடைந்த பங்களா. அதிலே தொந்தி தளும்பும் சமையல்காரன் ஒருவன். மாடியிலே வெள்ளைச் சேலையும் விரிந்த கூந்தலுமாய் ஒரு பேய். அவன் பொரித்து வைத்த வடைகளைப் பேய் களவாடித் தின்ன, அவன் பூனைமேல் பழி போட்டு விளக்குமாற்றோடு வீடெல்லாம் துரத்துவான். கடைசியில் மெழுகுவர்த்தி ஏந்தி மாடிப்படி ஏறுவான். காற்றில் திரி அணையும். அவன் மீண்டும் பற்ற வைப்பான். அவன் மூக்கு நுனிக்கு முன்னால், வாயில் கவ்விய வடையோடு, பேயின் முகம். அவ்விடத்தில் ஒன்றாம் சீடி முடிந்தது.

அலறியும் சிரித்தும் களைத்த சேனை மூச்சடக்கிக் காத்திருக்க, இரண்டாம் சீடி உள்ளே போயிற்று. தோன்றியதோ ஓர் ஆஸ்பத்திரி. கட்டிலில் ஒரு தாய். அவள் காலடியில் கண்ணீர் பெருக்கும் வக்கீல் மகன். பேயைக் காணோம், பங்களாவைக் காணோம், சமையல்காரனின் தொந்தியின் நிழலைக்கூடக் காணோம்.

அப்போது எழுந்து நின்றாள் ஒன்பது வயதுத் துஷ்யந்தி. "இது வேற படம். அப்லால் நானா மாத்திப் போட்டுட்டாரு" என்று அவள் உரைத்த உண்மை, உலகில் உரைக்கப்பட்ட மற்ற உண்மைகளைப் போலவே, வந்த வேகத்தில் வாசலுக்கு வெளியே தள்ளப்பட்டது. தள்ளியவன் அழகமுத்து. பதினொரு வயதிலேயே நாவினால் நாடாளப் பிறந்த அவன், கால்மேல் கால் போட்டபடி அருளிய விளக்கம் இது:

"ஏய், பேய் அவன முழுங்கிருச்சு. வயித்துக்குள்ள போயி அவன் வக்கீலாப் பொறந்துட்டான். அந்த அம்மாதான் பேயோட உசுரு. பேய்ப் படம்னா பாதியில ஆளு மாறும். அதுகூடத் தெரியாதா ஒனக்கு?"

லயம் சிலிர்த்தது. ஜெயம்மா முந்தானையை வாயில் வைத்து அழத் தொடங்கினாள். சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடியும் இத்தகைய ஆழம் பொருந்திய படம் வேறெங்கும் இல்லையென்று அன்றே தீர்ப்பாயிற்று. அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதியாக, துஷ்யந்திக்கு வேறபடம் என்ற பட்டம் சூட்டப்பட்டது.

அப்பட்டம் அவளை விட்டு ஒருநாளும் இறங்கவில்லை. அவள் கல்யாணத்தன்று மணவறைக்குப் பின்னாலிருந்து யாரோ, "வேறபடத்துக்கு மாப்புள வந்தாச்சு" என்று முழங்கினார்கள். அவள் மகள் பள்ளிக்கூடம் போனபோது, எழுதப் படிக்கக் கற்குமுன்னே, வேறபடத்து மக என்ற பெயரைக் கற்றுக்கொண்டு வந்தாள். மறுபுறம் அழகமுத்துவோ அந்த ஒரே விளக்கத்தின் படிக்கட்டில் ஏறி ஏறி, லயத்தின் சகல விளக்கங்களுக்கும் தலைவனானான். மலைநீர்ப் பீலியில் ஏன் தண்ணீர் வரவில்லை, தோட்டத்துத் துரை ஏன் மாறிப் போனார், போன தேர்தலில் யார் யாரை ஏமாற்றினார்கள், எல்லாவற்றுக்கும் அவன் ஓட்டும் த்ரீவீல் ஆட்டோவின் முன் இருக்கையிலிருந்து விளக்கம் பிறந்தது. அவ்விளக்கங்களால் தண்ணீர் வந்ததில்லை; ஆனால் கேட்டவர்கள் நிறைவோடு வெறுங்குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள்.

இவ்வாறு ஆண்டுகள் செல்ல, ஒரு வியாழக்கிழமை மாலை, டீவி விளம்பரத்தில் ஒரு தொந்தி மாடிப்படி ஏறியது. மெழுகுவர்த்தி அணைந்தது. வடை கவ்விய முகம் தோன்றியது. ஞாயிறு பகல் இரண்டு மணி என்றது திரை. சோற்றுக் கையோடு எழுந்தாள் துஷ்யந்தி. கையைக் கழுவவும் மறந்தாள்.

மறுநாள் பீலிக்கரையில், பன்னிரண்டு காம்பராவின் குடங்களும் வரிசையில் நிற்க, அவள் அறைகூவல் விடுத்தாள். அறைகூவலின் பெருமையை உணர, லயத்தின் முன்னால் ஓடும் கானை அறிதல் வேண்டும். பன்னிரண்டு வீட்டுச் சோற்றுப் பருக்கையும் சவர்க்கார நுரையும் கோழி எச்சமும் சங்கமிக்கும் அந்தக் கரிய வாய்க்காலை, காம்பரா முறைப்படி வாரம் ஒருவர் கழுவுவது மரபு. அந்த முறைக்காக லயத்தில் நடந்த சண்டைகள் எல்லைச் சண்டைகளிலும் பெரியவை.

"ஞாயித்துக்கெழம எல்லாரும் ஜெயம்மாக்கா வீட்டுக்கு வாங்க. ரெண்டாம் பாதியில அந்த ஆஸ்பத்திரி வந்துச்சுன்னா, எல்லார் மொறையும் சேத்து ஒரு மாசம் கான நான் கழுவுறேன். வரலன்னா அழகமுத்தண்ணே கழுவட்டும். அதோட ஒருத்தரும் என்னைய இனிமே வேறபடம்னு கூப்புடக் கூடாது."

அழகமுத்து த்ரீவீலின் கண்ணாடியில் மீசையைச் சரிசெய்துகொண்டே, "ஹரி" என்று ஒப்புக்கொண்டான். "நீ கழுவு, நான் குடை புடிச்சிட்டு நின்னு பாக்குறேன்."

ஞாயிறும் வந்தது. ஜெயம்மாவின் காம்பராவிலே கட்டிலிலும் அரிசிப் பெட்டியிலும் குழவிக்கல்லிலும் சபையோர் அமர்ந்தனர். இருபத்திரண்டு ஆண்டுக்கு முன் அங்கே சாணமிட்ட தரையில் உட்கார்ந்து அலறியவர்களே இன்று முழங்கால் வலியோடு சீமெந்துத் தரையில் உட்கார்ந்தார்கள். தாங்கள் சிங்கங்களென்று தம் பிள்ளைகளுக்குக் காட்ட வந்தவர்கள், பேய் முதன்முதல் தோன்றியதும் வெடித்துச் சிரித்தார்கள். ஏனெனில் பேயின் இடக்கையில் கைக்கடிகாரம் இருந்தது. சமையல்காரன் சாய்ந்தபோது பங்களாச் சுவர் அசைந்தது. கூரையில் தொங்கிய வௌவாலின் கயிறு தெரிந்தது. இதற்கா அன்று கக்கூசுக்குத் துணை தேடினோம் என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். நடிகர்கள் வாய் திறக்குமுன் வசனங்களைச் சபையே சொல்லிற்று. விளக்குமாற்று அடி விழுமுன் சபையே முனகிற்று.

ஆயினும் சமையல்காரன் மாடிப்படியில் கால் வைத்தபோது பேச்சு அடங்கியது. திரி அணைந்தபோது, முப்பது வயதுக் கால்கள் பத்தும் இருபதும் யாரும் பாராமல் மேலே இழுத்து மடக்கப்பட்டன. வடை கவ்விய முகம் வந்தது. அலறல் எழுந்தது. அழகமுத்துவின் அலறலே அவற்றுள் நீண்டது.

இடைவேளை விளம்பரம் வந்தது. அக்கணத்திலே, எஹலியகொட வானம் தன் பழைய குணத்தைக் காட்டியது. இரத்தினபுரிப் பக்கமிருந்து கருமேகக் களிறுகள் பிளிறிக்கொண்டு வந்து, தகரக் கூரைமேல் கூழாங்கல்லாய்க் கொட்டின. காற்று ஒரு குத்து விட்டது. திரை நீலமாகி, சிக்னல் இல்லை என்ற வாசகம் மிதந்தது.

அழகமுத்து இரு கைகளையும் கூப்பி மேலே பார்த்தான். பேயோட கோவத்த நாம கெளறக் கூடாதுன்னு இதுக்குத்தான் சொன்னேன் என்று, முன்பு சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னான். சபையும் ஆமோதித்து எழப் பார்த்தது.

ஆனால் வீராங்கனை எழுந்துவிட்டாள். கொடியில் கிடந்த ரப்பர்ச் சாக்கை எடுத்துத் தலையில் கவிழ்த்து, வாயிலைக் கடந்து, வெள்ளம் புரளும் கானைத் தாண்டி, லயத்தின் பின்மேட்டில் ஏறினாள். அங்கே இரும்புக் குழாயின் உச்சியில், திருகாணியின் சுரை கழன்று, தோற்ற படையின் குடைபோல் தலைதொங்கி ஆடியது ஜெயம்மாவின் டிஷ். துஷ்யந்தி அதன் விளிம்பைப் பற்றினாள். அதன் மூக்கு நனையாதிருக்க ஒரு ஷொப்பிங் பேக்கைக் கட்டினாள். முகத்தை வானத்துக்குத் திருப்பினாள்.

"வந்துருச்சா?" என்று முழங்கினாள்.

"இன்னும் கொஞ்சம் அங்கிட்டு" என்றாள் ஜெயம்மா, பின்சன்னலில் தலையை நீட்டி. "வருது, வருது. ஹரி, ஹரி. அப்படியே புடிச்சிக்க புள்ள. கைய எடுத்துறாத."

கையை எடுக்கவில்லை அவள். எடுத்தால் படம் போய்விடும். படம் போனால் இருபத்திரண்டு ஆண்டும் போய்விடும். ஆகவே எந்த இரண்டாம் பாதிக்காக அவள் பாதி ஆயுளைக் காத்திருந்து கழித்தாளோ, அந்த இரண்டாம் பாதி முழுவதையும் சபையோர் உலர்ந்த தரையில் அமர்ந்து காண, அதற்கு முதுகு காட்டி நின்று, உலோகத் தட்டொன்றை மார்போடு அணைத்து, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மழையைத் தாங்கி நின்றாள். தோள் மரத்தது. விரல் வெளுத்துச் சுருங்கியது. அட்டைகள் திசைதோறும் திரண்டு வந்து கணுக்காலை முற்றுகையிட்டன. அவற்றைத் தட்டிவிட மூன்றாம் கை இல்லாததால், அவள் அவற்றை விருந்தாளிகளாக ஏற்றாள்.

கூரையின் இரைச்சலுக்கிடையே காது தீட்டிக் கேட்டாள். பாத்திரம் உருண்டது. பூனை கத்தியது. கொட்டு மேளம் ஒன்று கேட்டது. ஆனால் ஒரு தாயின் அழுகை இல்லை. ஒரு வக்கீலின் விம்மல் இல்லை. ஜெயம்மாவும் அழவில்லை. வென்றோம், வென்றோம் என்று மழையே முரசறைவதாக அவளுக்குத் தோன்றியது. சாக்கு நழுவி விழுந்ததையும் அவள் பொருட்படுத்தவில்லை.

படம் முடிந்தது என்ற குரல் கேட்டு, நீர் சொட்டச் சொட்ட, வெற்றி கொண்ட வேந்தர்கள் தலைநகர் புகுவதுபோல் அவள் காம்பராவினுள் புகுந்தாள். வாழ்த்தொலி எழவில்லை. சபை ஏமாந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தது.

"ஆஸ்பத்திரி வந்துச்சா?" என்றாள் துஷ்யந்தி.

"எங்க வந்துச்சு" என்றாள் ஜெயம்மா சலிப்போடு. "டீவிக்காரன் மாத்திப் போட்டுட்டான் புள்ள. இது வேற படம்."

துஷ்யந்தி முகத்து மழைநீரை வழித்தெறிந்தாள். "அதே சமையக்காரந்தானேக்கா? அதே பேய்தானே?"

"அதேதான். கடைசி வரைக்கும் அதே ஆளுகதான். அதத்தானே சொல்றேன். நம்ம படத்துல ஆளு மாறணுமா இல்லையா? மாறவே இல்லையே. அழுகுறதுக்குன்னு துண்டெல்லாம் எடுத்து வச்சிருந்தேன்."

சபை முழுவதும் தலையசைத்தது. அந்தத் தாயைக் காட்டாமல் விட்டது பெரிய அநியாயம் என்றார்கள். பேயென்று சொல்லப்பட்டது கடைசியில் பேயே இல்லையாம், கல்யாணத்துக்குப் பயந்து மாடியில் ஒளிந்திருந்த ஒரு பெண்ணாம், பசியில் வடை எடுத்தாளாம், இதெல்லாம் ஒரு கதையா என்றார்கள். நமது படம் அல்லாத ஒரு படத்தை வைத்துப் பந்தயம் தீர்க்க முடியாது என்பதால் பந்தயம் செல்லாது என்றும், பழையபடி காம்பரா முறையே நடக்கும் என்றும் ஒரே மனதாய்த் தீர்மானித்தார்கள். அவளுடைய பட்டத்தைப்பற்றி யாரும் பேசவில்லை.

பிறகு அனைத்துக் கண்களும் வழக்கம்போல் விளக்கங்களின் வேந்தனை நாடின. அழகமுத்து வாயைத் திறந்தான். அவன் பார்வை துஷ்யந்தியின் சுருங்கிய விரல்களில் விழுந்து, கணுக்காலிலிருந்து சீமெந்துத் தரையில் வழிந்த மெல்லிய இரத்தக் கோட்டில் இறங்கி, அங்கேயே நின்றது. த்ரீவீல் சீட்டு நனையுது என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

"சரிக்கா" என்றாள் துஷ்யந்தி, கதவு நிலையில் சாய்ந்து ஓர் அட்டையைப் பிடுங்கியபடி. "அந்தப் பேய், கடைசியில யாரக் கட்டிக்கிச்சு?"

யாருக்கும் சரியாக நினைவில்லை. சமையல்காரனைத்தான் என்றார்கள் சிலர். போலீஸ்காரனை என்றார்கள் சிலர். ஜெயம்மா டீவியை அணைத்து, அதன்மேல் பூப்போட்ட துணியைப் போர்த்தினாள்.

திங்கட்கிழமை ஐந்தாம் காம்பராவின் முறை என்பதால் துஷ்யந்தி கானைக் கழுவினாள், அழகமுத்து தண்ணீர் ஊற்றினான்.