நாற்பத்தொன்றாம் எண் சட்டைக்காரன்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை கார்டன் அவர்களுக்கு, மச்சான் ரெய்னோ கங்காஸ் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் மார்லிஸும், மார்ச் பிறந்தும் கூரையை விட்டு இறங்க மாட்டேன் என்கிற பனியும் சௌக்கியம். அங்கே நீங்களும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். என் தங்கை ஐலா இருக்கும் வீட்டில் வேறு மாதிரி இருக்க யாருக்கும் அனுமதி கிடையாது.

நவம்பர் விருந்தில் வான்கோழியை அறுத்தபடியே நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "மச்சான், நம்ம ஐஸ் ஹாக்கி டீமுக்கு இந்த வருஷம் ஒரே ஒரு பேரு சொல்லுங்க. அதுவும் சொதப்பிடுச்சுன்னா ஆள் தேடுற உங்க வேலைய நம்ம ஆபீஸ் பையன் ப்ரெண்ட்கிட்ட குடுத்துர்றேன், வருத்தப்படாதீங்க" என்றீர்கள். வருத்தப்படாமல் இரண்டாம் தடவை பூசணிப் பணியாரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. போன தடவை நான் சொன்ன கோல்காப்பாளன் ஆட்டத்தை விட்டுவிட்டுத் தேனீ வளர்க்கப் போனதற்கு நான் என்ன செய்ய முடியும்? ப்ரெண்ட் நல்ல பிள்ளைதான். கணினியில் பார்த்தே ஆட்டக்காரனை எடை போட்டுவிடுவான், குளிரில் உட்கார்ந்து மூக்கு ஒழுகியதில்லை, அது ஒன்றுதான் குறை.

விஷயத்துக்கு வருகிறேன். பதினெட்டு வயதில் பெரிய அணிகளெல்லாம் கூடிப் பையன்களைப் பங்கு போடும்போது யாரும் கூப்பிடாமல் விட்டவன், கல்லூரியில் ஆடி முடித்ததும் ராஜாவாகிவிடுகிறான். எந்த அணிக்குப் போவதென்று அவனேதான் முடிவு செய்வான். அவனுக்குச் சுயம்வரம், நாம் வரிசையில் நிற்கவேண்டும். அப்படியொரு ராஜா என்று ப்ரெண்ட் சிபாரிசு செய்தானே, ஆறாம் எண் கார்சன் ஹவ்கன், தடுப்பாட்டக்காரன், அவனைப் பார்க்கத்தான் வெள்ளிக்கிழமை மார்லிஸோடு போனேன். தூரத்துக்குப் போடும் கண்ணாடியை உறைந்த ஏரிமேல் இருக்கிற மீன்பிடிக் குடிசையில் விட்டுவிட்டேன். அதனால் ஒன்றும் நஷ்டமில்லை, சட்டை எண் தெரிந்தது, அது போதும். கல்லூரிப் பையன்கள் முகத்தில் கம்பிக்கூண்டு மாட்டிக்கொண்டு ஆடுகிறார்கள், பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

முதல் பகுதி பாதி ஆனபோது நாற்பத்தொன்று என்று ஒரு பையன் இறங்கினான். முதுகில் பெயர் இல்லை, அச்சடித்த ஆட்டக்காரர் பட்டியலிலும் அப்படி ஓர் எண் இல்லை. பயிற்சியாளர் அவனை நம் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறார் என்று உடனே புரிந்துகொண்டேன். சின்ன உருவம், இடது கை மட்டை, அணிலாட்டம் ஓட்டம். இரண்டாம் பகுதியில் அவனைக் களைப்பாற வைத்துவிட்டார்கள். கடைசிப் பகுதியில் வந்தான் பாருங்கள், மாப்பிள்ளை, வலது கையால் ஆடுகிறான்! இத்தனை வருஷத்தில் இரண்டு கையாலும் ஆடும் ஒருவனை நான் பார்த்ததில்லை. ஆளே வளர்ந்திருந்தான். தன்னம்பிக்கை வந்தால் ஒரு பையன் எப்படி நிமிர்ந்துவிடுகிறான் என்று மார்லிஸிடம் சொன்னேன். அவள் கையுறை பின்னிக்கொண்டிருந்தாள்.

மட்டை உடைந்து போயிற்று. வெறுங்கையோடு எதிரி அடித்த அடிக்குக் குறுக்கே விழுந்தான், எழுந்தான், ரப்பர் வட்டைக் காலால் தள்ளித் தன் ஆளுக்குக் கொடுத்தான், அவன் அடித்த கோலில் அணி ஜெயித்தது. நான் எழுந்து நின்றதில் பிளாஸ்க் காபி முழுக்க கையுறை மேல். உண்மையைச் சொன்னால் என்ன, அழுதுவிட்டேன். எனக்குப் பிடித்துப்போனது, அவ்வளவுதான்.

அந்த ஆறாம் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னால் ஏதோ ஆடினான். கடைசிப் பகுதியில், ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில், ஆளையே காணோம். பயந்து உள்ளே போய் உட்கார்ந்துவிட்டான் போலிருக்கிறது. அவன் இடத்தையும் நாற்பத்தொன்றுதான் பார்த்துக்கொண்டான், பாவம். ஆகவே ஆறை நாம் தொடவே கூடாது. மற்ற அணிகளின் ஆட்கள் என் பொக்கிஷத்தை மோப்பம் பிடித்துவிடக் கூடாதே என்று அவர்கள் காதில் விழுகிற மாதிரி ஆறாம் எண்ணை வாய் கிழியப் புகழ்ந்தேன். எங்கள் பக்கத்தில் எவ்வளவு நல்ல ஆட்டத்துக்கும் "மோசமில்லை" என்பதுதான் அதிகபட்சப் பாராட்டு, தெரியுமல்லவா? நான் "அற்புதம்" என்றதும் வரிசையே திரும்பிப் பார்த்தது. இந்நேரம் அவர்கள் ஆறுக்காக முட்டி மோதிக்கொண்டிருப்பார்கள். நினைக்க நினைக்கச் சிரிப்பு வருகிறது.

எனவே என் ஒரே பெயர், பெயரில்லாத நாற்பத்தொன்று. ஒப்பந்தத்தைத் தயாராக வையுங்கள். உங்கள் தூண்டிலில் எப்போதும் மீன் மாட்டட்டும், சவுனாக் குளியலறை அடுப்பு புகையாமல் எரியட்டும், என் தங்கை உங்களைக் கொஞ்சமாவது பேச விடட்டும்.

அன்புள்ள மச்சான்,
ரெய்னோ

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் சனிக்கிழமை ஆட்டமும் முடிந்துவிட்டது. நாற்பத்தொன்று இறங்கவே இல்லை. உடை மாற்றும் அறை வாசலுக்குப் போய் நாற்பத்தொன்றைப் பார்க்கவேண்டும் என்றேன். சட்டை துவைக்கிறவர் உள்ளே போய் ஒரு சட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"என்னங்க," என்றாள் மார்லிஸ், "ரத்தம் பட்ட சட்டையோட ஆடக்கூடாதுன்னு, அதத் துவைக்கிற வரைக்கும் மாத்திக்கக் குடுக்கிற சட்டைங்க இது. நீங்க பள்ளிக்கூடத்துல கோச்சா இருந்தப்ப இதே கதைதான. எத்தனை வருஷம் நான் துவைச்சேன்!"

முதல் பகுதியில் அதைப் போட்டவன் உதட்டில் தையலோடு வெளியே வந்தான். பல் மருத்துவம் படிக்கப் போகிறானாம், இந்த ஆட்டத்தைப் பார்த்தபின் அதில்தான் எதிர்காலம் என்று தோன்றிவிட்டதாம். கடைசிப் பகுதியில் போட்டவன் மோவாயில் தையலோடு வந்தான். ஆறாம் எண் கார்சன் ஹவ்கன்.

என் புகழ்ச்சியைக் கேட்டவர்கள் எல்லாரும் அவனுக்காக வாசலில் காத்திருந்தார்கள். போச்சு, ப்ரெண்டுக்கு நாற்காலி என்று நினைத்துக்கொண்டே பையனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஆறைப் புகழ்ந்தது பொய், நாற்பத்தொன்றுக்கு அழுதது நிஜம் என்று. தையலைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சார், ஆறாம் நம்பரப் பாக்க இத்தனை பேரு வந்திருக்காங்க. பேரில்லாத சட்டையில ஆடினவனப் பாக்கணும்னு வந்தது நீங்க ஒருத்தர்தான். நான் உங்க டீமுக்கே வர்றேன்."

ஆகவே, மாப்பிள்ளை, ஆறைப் பற்றி மேலே எழுதியதை அடுப்பில் போட்டுவிடுங்கள், ப்ரெண்ட் கண்ணில் பட வேண்டாம். பையன் கேட்பது ஒன்றே ஒன்று, நம் அணியிலும் அவனுக்கு நாற்பத்தொன்றாம் எண் வேண்டுமாம். அப்படியானால் முதுகில் பெயரும் வேண்டாமா என்று கேட்டேன்.

"பேரு போடுங்க சார். எங்கம்மா வெள்ளிக்கிழமை கடைசி வரைக்கும் என்னத் தேடிட்டே இருந்திருக்காங்க."