லாட்டரி இயக்குநருக்குப் பரிசு விழக் கூடாது

"இதை யார் உள்ள கொண்டாந்தது?" என்று ஹார்லன் அலறினார்.

சமையலறை மேசையில் ஒரு முழுப் பன்றித்தொடை வீற்றிருந்தது.

"தீயணைப்புக்காரங்க நிதி திரட்ட, கறியைப் பரிசா வெச்சு நடத்துற குலுக்கல்ல உங்க பேருக்கு விழுந்திருக்குங்க!" என்றாள் மனைவி ஆர்டிஸ், வாயெல்லாம் பல்லாக.

"என் பேருக்கு யாரு சீட்டு வாங்கினது?"

"நான்தான். ஊரே வாங்குது. வாங்காம இருந்துட்டு, நாளைக்கு வீடு பத்திக்கிச்சுன்னா எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவங்களைக் கூப்பிடுறது?"

ஹார்லன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். வரி இலாகாவில் கணக்குப் பார்த்தே நரைத்த தலை அது. மாநில லாட்டரி இயக்குநர் பதவிக்குக் கடைசிச் சுற்றில் நின்றவர்கள் இரண்டே பேர்: அவரும் ஆளுநரின் மச்சானும். இயக்குநராக வருபவர் கணக்கில் புலியாகவும், ஒழுக்கத்தில் சுத்தமாகவும், குலுக்கல் பக்கமே தலைவைத்துப் படுக்காதவராகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். திங்கட்கிழமை நேர்காணல். ஆளுநரின் மச்சானுக்கு எதிராக அவரிடம் இருந்ததெல்லாம் அந்தச் சுத்தம் ஒன்றுதான்.

பன்றித்தொடையைத் தூக்கிக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்கு ஓடினார்.

"திருப்பிக் குடுத்தா மறுபடியும் குலுக்கணும் ஹார்லன். அதான் விதி," என்றார் நிலையத் தலைவர் டுவெய்ன்.

"தாராளமா குலுக்குய்யா!"

குலுக்கினார்கள். ஆர்டிஸ் ஒரு சீட்டோடு நிறுத்தியிருக்கவில்லை. மறுபடியும் ஹார்லன் பெயரே வந்தது.

"அடேங்கப்பா! உன் கைராசிக்கு இந்த வான்கோழியையும் எடுத்துட்டுப் போ!"

ஹார்லன் இரண்டையும் நேராகத் தேவாலயத்துக்குக் கொண்டுபோய் ஏழைகளுக்கென்று கொடுத்தார். போதகருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. நிற்கவைத்துப் படம் எடுத்தார்.

திங்கட்கிழமை பத்திரிகையின் முதல் பக்கத்தில் ஹார்லன் பன்றித்தொடையை அணைத்தபடி நின்றார். மேலே கொட்டை எழுத்தில், 'அதிர்ஷ்டக்கார ஹார்லன்!'

லாட்டரி ஆணையத்தின் தலைவி தோர்சன் அம்மாள் அந்தப் பக்கத்தை உயர்த்திக் காட்டினார். "இது நீங்கதானே?"

வியர்த்து வழிந்த ஹார்லனுக்குச் சட்டென்று கோபம் வந்தது. நடந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்தார்.

"நான் சீட்டு வாங்கலைம்மா. விழுந்ததைத் திருப்பிக் குடுத்தேன், மறுபடியும் விழுந்ததை தானம் பண்ணேன். ஒரு துண்டு வாயில வெக்கலை! இந்த நாற்காலிக்கு அதிர்ஷ்டக்காரன் வேணாம், தகுதி உள்ளவன் வேணும். என் கணக்கைப் பாருங்க, ஒழுக்கத்தைப் பாருங்க!"

பார்வையாளர் வரிசையில் ஆர்டிஸ் எழுந்து நின்று கைதட்டினாள். கணவன் மனைவி இருவரையும் வெளியே உட்காரச் சொன்னார்கள்.

வெகுநேரம் கதவு திறக்கவில்லை. ஹார்லன் தன் நகத்தை எல்லாம் கடித்து முடித்த பிறகு, தோர்சன் அம்மாள் வெளியே வந்து கையை நீட்டினார்.

"வாழ்த்துகள், டைரக்டர்!"

ஆர்டிஸ் கட்டிப்பிடித்து அழுதேவிட்டாள். ஹார்லனுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஆளுநரின் மச்சானையே மண்ணைக் கவ்வவைத்துவிட்டார்! காலிக் காபி டப்பாவோடு பின்னால் வந்த எழுத்தர் பெர்னிஸைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார்.

"பாத்தீங்களாம்மா? கடைசில தகுதிதான் ஜெயிச்சுது!"

"மூணுக்கு மூணுன்னு ஓட்டு சமமாப் போச்சு சார்," என்றாள் பெர்னிஸ். "சட்டப்படி ரெண்டு பேர் பேரையும் எழுதி இந்த டப்பால போட்டுக் குலுக்கினோம். உங்க பேருக்கு விழுந்துச்சு."