கை வைக்கக் கூடாத இஞ்சினியர்

கணபதி அஞ்சல்,
கோயமுத்தூர்.

மெல்போர்னில் சகல சௌக்கியத்துடன் இருக்கும் மாப்பிள்ளை கிருபாசங்கர் அவர்களுக்கு, மாமனார் ஈஸ்வரமூர்த்தி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். மிஷின் மட்டும் நலமில்லை.

இஞ்சினியருக்குப் படித்த உங்களை, லைசென்ஸ் இல்லை என்று அங்கே ஒரு ஒயரைக்கூடத் தொட விடவில்லை என்றபோது, "அது என்ன ஊருங்க மாப்பிள்ளை?" என்று போனில் கத்தினேன் அல்லவா? அந்த வாயை இப்போது மூடிக்கொண்டிருக்கிறேன்.

நம் பட்டறையின் இத்தாலி மிஷின் நின்றுபோனது. மாசக் கடைசிக்குள் பம்ப் உதிரிகள் கப்பலேறாவிட்டால் ஆர்டர் போச்சு. கம்பெனிக்காரர்கள் மார்கோ என்ற இஞ்சினியரை அனுப்பினார்கள். ஆடிட்டர் வெங்கடபதி அவர் விசாவைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இவரு மீட்டிங் பேசற விசாவுல வந்திருக்காருங்க. பாக்கலாம், சொல்லலாம். மிஷின்ல கை வெச்சா வேலை செஞ்ச கணக்கு, திருப்பி அனுப்பிப்போடுவாங்க" என்று தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார். மார்கோ ஸ்பேனரை எடுக்கக் கையை நீட்டும்போதெல்லாம் உங்கள் அத்தை ஓடிவந்து அந்தக் கையில் காபி டம்ளரைத் திணித்தாள். மனுஷன் காபியாகக் குடித்துக்கொண்டு இத்தாலிய மொழியில் வழி சொல்ல, ஃபோர்மேன் கண்ணையா தமிழில் தலையாட்ட, ஒரு நட்டும் கழலவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மார்கோ மிஷின் கதவில் விட்டாரே ஒரு உதை! ஓடிருச்சுங்க மாப்பிள்ளை! கையா வைத்தார், கால்தானே என்று நான் குதித்தேன். அதுக்குள்ள உங்க அத்தை, "அய்யோ, ஆயுத பூசை போட்ட மிஷினுங்க, தொட்டுக் கும்பிடுங்க சாமி!"ன்னு அழாத குறையா சைகை காட்ட, அந்தப் புண்ணியவான் ரெண்டு கையாலயும் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. "கை வெச்சுட்டாரு!"ன்னு அலறிக்கிட்டே ஆடிட்டர் மெயினை ஆஃப் பண்ணிப்போட்டாரு. "அது வேலை இல்லீங்க, கும்பிடு"ன்னா கேட்டாத்தானே? திருப்பிப் போட்டா மிஷின் அசையல. மார்கோ மறுபடி உதைக்க மாட்டேங்கறாரு, சாமி குத்தமாம்.

அதனால் நீங்களே மகள் லோகப்பிரியாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பி வாருங்கள். நம்ம ஊட்டு மாப்பிள்ளை நம்ம மிஷின்ல கை வெச்சா எவன் கேப்பான்? மிஷினை விடுங்க, புள்ளையைப் பாத்து மூணு வருசம் ஆச்சுங்க. கண்ணுலயே நிக்கறா.

மருதமலை முருகன் உங்கள் இருவரையும் நோய் நொடி இல்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஈஸ்வரமூர்த்தி

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் ஆடிட்டர் வந்து எட்டிப் பார்த்தார். போன மாதம் நீங்கள் அந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டீர்களாமே! இந்திய வம்சாவளி என்று இந்த ஊர் சர்க்கார் தரும் கார்டு கைக்கு வரும்வரை நீங்களும் வெளிநாட்டு ஆள்தானாம். மிஷினில் கை வைக்கக் கூடாதாம். மார்கோவுக்குப் பக்கத்தில் உங்களுக்கும் ஒரு சேர் போட்டாச்சு. இருந்தாலும் வாங்க. இலையில் கை வைக்கலாமாம், கேட்டுப்போட்டேன்.