முன்னூறு சொந்தக்காரர்களும் மாமாவின் நம்பரும்

ஒழுங்கானவன் ஒரு பிழையைச் செய்தால் அதையும் ஒழுங்காகத்தான் செய்வான். இதை என் மாமனாரின் இதயத்தை வைத்துக் கற்றுக்கொண்டேன்.

கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு, டொக்டரைப் பார்க்க முன்பதிவு நம்பர் எடுக்கும் இணையச் செயலி ஒன்றை ஜாவாவில் எழுதியிருந்தேன். அதைச் சேர்வரில் ஏற்றும் வேலையைப் பத்துக் கட்டங்களாக டயறியில் குறித்திருந்தேன். எட்டாவது, ஒரே நேரத்தில் முன்னூறு பேர் நம்பர் கேட்டால் சேர்வர் தாங்குமா என்ற சோதனை. ஒன்பதாவது, மாமாவுக்கு நம்பர். (அவருக்கு முதலில் எடுத்திருக்கலாமே என்பீர்கள். எட்டுக்குப் பிறகுதானே ஒன்பது?)

மாமா வத்தேகம வீட்டில் கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்து வரும் இதய டொக்டர் அந்தச் சனிக்கிழமை வருவதாக இருந்தது.

சோதனைக்குப் பெயர்கள் வேண்டும். மற்றவர்கள் வாய்க்கு வந்ததைப் போடுவார்கள். எனக்கு மனம் வரவில்லை. மகளின் சடங்குக்கு அழைத்தவர்களின் பட்டியல், ஊர் வாரியாக, தொலைபேசி எண்களோடு கைவசம் இருந்தது. அதைப் போட்டு, டொக்டர் பெயருக்கு அந்த இதய டொக்டருடையதைக் கொடுத்தேன்.

பதினொரு செக்கனில் முன்னூறு பதிவு. ஒரு பிழை இல்லை. டயறியில் 'மிக நன்று' என்று எழுதி, அடிமட்டம் வைத்துக் கோடிட்டேன்.

முதல் அழைப்பு கம்பளைச் சித்தியுடையது.

"தம்பி, சனிக்கிழமை இதய டொக்டருக்கிட்ட வரச் சொல்லி மெசேஜ் வந்திருக்கு. எனக்கு என்னாப்பா? எல்லாருமா மறைக்கிறீங்களா?"

அப்போதுதான் சோதனையை அனுப்பிய சேர்வர் முகவரியைப் பார்த்தேன். சோதனைச் சேர்வர் அல்ல, ஆஸ்பத்திரியின் நிஜச் சேர்வர். முகவரியைச் சரிபார்ப்பது ஏழாவது கட்டம். டயறியில் அதற்குச் 'சரி' அடையாளம் இருந்தது. (பத்துக் கட்டங்களுக்கும் காலையிலேயே போட்டுவிட்டேன். பக்கம் பார்க்க அழகாக இருந்தது.)

"அப்பாவுக்கு எத்தனாம் நம்பருங்க?" என்று கேட்டாள் மனைவி.

பதிவுகளை நான் அழித்து முடிப்பதற்குள் செயலி பட்டியலை டொக்டருக்கு அனுப்பிவிட்டது. ஒரே நாளில் முன்னூறு பேரைப் பார்க்க முடியாது என்று அவர் அந்த மாதம் வருவதையே நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள் விளக்கம் சொல்வதற்குள் அந்தச் சனிக்கிழமையை வேறோர் ஊருக்குக் கொடுத்திருந்தார்.

திங்கட்கிழமை மாமாவை அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டில் கிடைக்கவில்லை. கதிரையில் சாய்ந்திருந்தவர், ஒட்சிசன் முகமூடியை விலக்கி என்னைப் பார்த்தார்.

"முன்னூறு பேரும் நம்ம சொந்தந்தானே மாப்பிள்ளை. ஒருத்தராவது எந்திரிச்சு எனக்கு எடம் குடுத்திருக்கக் கூடாதா?"

பிழைத்துக்கொண்டார். ஆனால் வீட்டுப் படிகள் பதினேழையும் ஒரே மூச்சில் அவரால் இப்போது ஏற முடியாது. ஒன்பதாம் படியில் ஒரு கதிரை போட்டிருக்கிறோம்.

விசேஷ வீடுகளில் அவர் நுழைந்தால் யாராவது எழுந்து, "இந்தாங்க, என் நம்பர எடுத்துக்குங்க" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். மாமா உட்கார்ந்து மூச்சு வாங்குவார். நான் நின்றுகொண்டிருப்பேன்.