பேச்சுவார்த்தை இல்லாத தம்பிக்கு, பை தூக்குவது சம்பந்தமாக

சுருளிப்பட்டி,
செவ்வாய்க்கிழமை காலை.

கடமலைக்குண்டில் இருக்கும் தம்பி ராக்கையாவுக்கு அக்கா மொக்கம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே சுகமா என்று கேட்பது முறை என்பதால் கேட்கிறேன், பதில் எழுத வேண்டியதில்லை. போன தை மாசம் உனக்குக் கண் ஆபரேசன் நடந்தது எனக்குத் தெரியாது. இப்போது தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டையே படிக்கிறாயாம், அதுவும் எனக்குத் தெரியாது.

முப்பத்தைந்து வருசமாகப் பேசாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். குலசாமி கோயில் வாசலில் நான் சத்தியம் பண்ணியது, இனி உன்னோடு பேச மாட்டேன் என்றுதான். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. என் பேத்தி கயல், "வாய்ஸ் மெசேஜ் போடு அப்பத்தா, ஒரு நிமிசந்தான்" என்று போனை நீட்டினாள். வாயால் சொன்னால் அது பேச்சுதான், கம்பி இல்லாமல் போனாலும் சாமிக்குக் காது உண்டு என்று தள்ளிவிட்டேன். எழுத்தில் பிழை இருந்தால் அதற்கும் நீதான் பொறுப்பு. என் அஞ்சாம் வகுப்பு முழுப் பரீட்சையன்று உனக்கு அம்மை போட்டது. வேப்பிலையை வைத்துக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். அதோடு என் படிப்பு முடிந்தது. நீ எட்டாவது வரை போனாய். அந்தப் பரீட்சை நாள் ஒரு வெள்ளிக்கிழமை.

விசயத்துக்கு வருகிறேன். மகன் மாரிசெல்வத்தின் பிள்ளை கயலுக்கு வயது பதினொன்று. அவள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் வலை கட்டி ஏதோ பந்து விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றாள். என்ன விளையாட்டு என்றேன். குச்சியால் அடித்துப் பந்தைக் குழிக்குள் விழவைக்கும் கோல்ஃப் என்றாள். அன்றைக்கு முழுக்க நான் சாப்பிடவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். மாரிசெல்வத்துக்குக் காது குத்திய அன்று தாய்மாமன் மடிக்காக ஊரே காத்திருந்தது. நீ வேலை பார்த்த மலை எஸ்டேட்டில், துரைமார் கோல்ஃப் ஆட்டம் இருக்கிறது, குச்சிப் பை தூக்க ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு அங்கேயே நின்றுகொண்டாய். கடைசியில் உனக்குப் பதிலாக ஜக்கம்மா மகன் வீரணன் மடியில் பிள்ளையை வைத்தோம். ஆசாரி ஊசியைத் தூக்கவும் வீரணனுக்குத் தும்மல் வரவும் சரியாக இருந்தது. இன்றைக்கும் என் மகனுக்கு இடது காது ஓட்டை அரை விரக்கடை கீழே இருக்கிறது. அவன் கல்யாணப் போட்டோவில் அது தெரியாமல் இருக்க அவனைப் பக்கவாட்டில் நிறுத்தினோம். அந்த ஆட்டம் என் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றால் எனக்குச் சோறு எப்படி இறங்கும்.

ஆனால் பொய் சொல்லக் கூடாது. நம் சும்மா கிடக்கும் புஞ்சையில் அவள் ஒரு பந்தை அடித்தாள், இரண்டு திராட்சைப் பந்தலைத் தாண்டிப் போய் விழுந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்தப் பந்தல் சோணையம்மாளுடையது. வாரத்துக்கு ஒருதடவை ஒரு சொம்பு நிறையப் பந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்து, "இந்த வருசம் என் கொடியில வெள்ளையா காச்சிருக்கு மொக்கம்மா, நீயே பறிச்சுக்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். அவளுக்கும் எனக்கும் இருப்பது வேறு தகராறு, அதை வேறு கடிதத்தில் எழுத வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானலில் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டி. முதல் ஆறு இடத்துக்குள் வந்தால் ஒரு வருசம் சென்னையில் வைத்துப் பழக்குவார்களாம். மாரிசெல்வமும் மருமகள் முனீஸ்வரியும் பைப் கடையே கதி என்று கிடப்பவர்கள், அதனால் கோச் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. முதலில் தேனியிலிருந்து கிங்ஸ்லி என்று ஒரு பையன் காரில் வந்தான். நாலு சர்ட்டிபிகேட் காட்டினான், நாலும் கண்ணாடி போட்டிருந்தது. பிள்ளை நிற்பதைப் போனில் படம் எடுத்து, அதன்மேல் மஞ்சள் கோடும் சிவப்புக் கோடும் இழுத்து, இடுப்பு இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்றான். மூன்று வாரம் பந்தே கிடையாது, வெறும் காற்றை அடிக்கச் சொன்னான். பிள்ளை நடக்கும்போதும் இடுப்பையே பார்த்துப் பார்த்து நடந்து, ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் விழுந்தாள். "ஏந்தம்பி, பிள்ள பந்த எப்ப அடிக்கும்?" என்று கேட்டேன். "பேசிக்ஸ் முடியட்டும் பாட்டி" என்றான். இரண்டு கிலோ திராட்சை கொடுத்து மரியாதையாகக் காரில் ஏற்றிவிட்டேன்.

அடுத்தவர் கிறிஸ்டோபர், பட்டாளத்தில் இருந்து வந்தவர். பெரிய ஆபீசர்களோடு ஆடியவராம். வந்ததும் வராததுமாக, வீட்டுப் பெரியவர்கள் முப்பது அடி தள்ளி நிற்க வேண்டும் என்றார். நான் அடியால் அளந்து சரியாக முப்பதாவது அடியில் சேரைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு இருநூறு பந்து, தப்பினால் புஞ்சையைச் சுற்றி ஓட்டம். பிள்ளைக்கு மணிக்கட்டு வீங்கியது. சாயங்காலமானால் பையையும் போனையும் எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், உள்ளே அழுகிறாள் என்று நான் வெளியே நின்று கலங்குவேன். இவ்வளவையும் பொறுத்தேன். பொறுக்க முடியாதது ஒன்றுதான். பிள்ளை அடித்ததும் அந்த மனுசன் பந்து போன திசையைத்தான் பார்ப்பார், பிள்ளையை ஒருநாளும் பார்த்ததில்லை. முப்பதாவது அடியிலிருந்து எழுந்து போய்க் கேட்டேன்: "பந்து எங்கன விழுந்துச்சுன்னு சோணையம்மாளே சொல்லிருவா. அதுக்கு நீங்க எதுக்கு?" அவர் அன்றைக்கே பெட்டியைக் கட்டினார். நேற்று கயல், "நான் போகல அப்பத்தா. எல்லாரும் ஆளோட வருவாக. எனக்குப் பை தூக்க யாரு இருக்கா?" என்று படுத்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு நம் மாந்தோப்பு ஞாபகம் வந்தது. நான் கல் எறிந்தால் மாங்காய் விழுந்ததா என்று நீ பார்க்க மாட்டாய். என் முழங்கையைப் பார்ப்பாய். "கை மடங்குதுக்கா, மாங்காய வையாத" என்பாய். எட்டு வயசில் எனக்கே வாத்தியார். கோபம் வரும், ஆனால் அடுத்த கல்லுக்கு மாங்காய் விழும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதுபோக, இவள் சமதரையில் ஆடியவள், மலைச் சரிவில் புல்மேல் பந்து எப்படி உருளும் என்று தெரியாது. முப்பது வருசம் மலையில் புல் வெட்டிப் பை தூக்கியவனுக்குத் தெரியும்.

ஆகவே நீ வர வேண்டும். கெஞ்சுகிறேன் என்று நினைக்காதே, நிபந்தனை போடுகிறேன். ஒன்று, அன்றைக்குத் துரையின் பையைத் தூக்கினாய், ஞாயிற்றுக்கிழமை என் பேத்தியின் பையைத் தூக்க வேண்டும், பதினெட்டுக் குழிக்கும். மற்றது, நமக்குள் பேச்சு கிடையாது, எது வேண்டுமானாலும் கயல் மூலமாகத்தான். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்காரக் கூடாது. மலை ஏறினால் உனக்கு வாந்தி வரும், எலுமிச்சம்பழம் என் பையில் இருக்கும், கயலிடம் கேட்டு வாங்கிக்கொள். மலையிலேயே இருந்தவனுக்கு வராது என்பாய். வரும்.

இதை ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன். உன் வீட்டு ஆடுமாடு, பேரன் பேத்தி எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். நீயும் இருந்துகொள்.

இப்படிக்கு,
உன்னோடு பேசாத
மொக்கம்மாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்க அடுப்படிக்குப் போனேன். சன்னல் வழியாகப் பார்த்தால், புஞ்சையில் கயல் நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நீ நிற்கிறாய். மாரிசெல்வத்தைக் கூப்பிட்டு மிரட்டியதில் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். இரண்டு மாசமாக மோட்டார் ரூமுக்குள் நடந்தது அழுகை இல்லையாம், வீடியோவில் உன் பாடமாம். நேற்று அவள் படுத்துவிட்டதைக் கேட்டதும் நீயே கிளம்பி வந்தாயாம். "மாமாவோட நான் ஒருநாளும் பேச்ச விட்டதில்லம்மா" என்கிறான் என் வயிற்றில் பிறந்தவன். "ஒன் காது ஓட்டைய மறந்துட்டியாடா?" என்று அவனைக் கேட்டேன். "ஓட்டை கீழ இருந்தாலும் காது நல்லாத்தான் கேக்குது" என்கிறான். ஆக மேலே எழுதியது எதுவும் தேவையில்லை. எழுதிய தாளை வீணாக்க மனமில்லை, ஆகவே நாற்பது அடி தூரத்துக்குக் கயல் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஸ்பீடு போஸ்ட் வேண்டியதில்லை. மத்தியானம் கருவாட்டுக் குழம்பு, அது உனக்காக வைத்ததில்லை, கூடிப்போய்விட்டது. இதை எழுதும்போதே அவள் ஒன்று அடித்து, அது சோணையம்மாள் பந்தலுக்குள் போய்விட்டது. நீ பந்தைப் பார்க்கவில்லை. நான் சன்னலிலிருந்து "முழங்கை" என்று கத்தினேன், அதே நேரம் நீயும் கத்தினாய், அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாய். நான் பிள்ளையிடம்தான் சொன்னேன். அது பேச்சில் சேராது.