மேடு சமன்செய்யும் பணி

போக்குவரத்தின் ஆகப்பெரிய கண்டுபிடிப்பு சக்கரம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். பாவம், விஷயம் தெரியாதவர்கள். கணினியில் புள்ளிவிவர வரைபடத்தைச் சொடுக்கினால் ஓரங்களில் சின்னப் புள்ளிகள் தோன்றுமே, அவைதான் அந்தக் கண்டுபிடிப்பு. சக்கரம் இருந்தால் பேருந்து நகரும், அவ்வளவுதான். அந்தப் புள்ளியைப் பிடித்து இழுத்தாலோ, நகராத பேருந்தும் முன்னேறும்.

நகரப் பேருந்துக் கழகத்தின் புள்ளிவிவர அதிகாரி இதைத் தற்செயலாகத்தான் கண்டறிந்தார். தாமதமாக வரும் பேருந்துகளின் மாதக் கணக்கைக் கோடாக வரைந்து பொது மேலாளரிடம் காட்டினார். அவர் முகம் சுளித்தார்.

"என்னய்யா இது, மலை மாதிரி நிக்குது?"

"தாமதம் கூடிருச்சு சார்."

"கூடட்டும். அது ஏன் இவ்வளவு செங்குத்தா கூடணும்?"

பதற்றத்தில் அதிகாரி வலது ஓரப் புள்ளியைப் பிடித்து இழுத்துவிட்டார். படம் அகலமானது. மலை மேடாகி, மேடு வேகத்தடை அளவுக்குத் தணிந்தது.

"அடடே! ஒரே இழுப்புல நிர்வாகம் சீராயிருச்சே!" என்றார் பொது மேலாளர்.

அன்று மாலை அதிகாரியின் மனைவி செருப்பை உதறிவிட்டு வீட்டுக்குள் வந்தார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை.

"இன்னிக்கும் லேட்டு. வெறும் வயித்தோட காத்திருந்தவங்க எல்லாம் என்னைக் கடிச்சுத் துப்பிட்டாங்க. இன்னொரு தடவை லேட்டானா வேலை இல்லைன்னுட்டாங்க. உங்க பஸ்ஸுக்கு என்னதாங்க ஆச்சு?"

"சீராயிட்டிருக்கு. நானே கண்ணால பார்த்தேன்" என்றார் அவர், மனசாட்சிக்கு விரோதமில்லாமல்.

ஆனால் இயக்குநர்கள் கூட்டத்தன்று காலை கோப்பைத் திறந்தால், கோடு மறுபடி ஊசியாக நின்றது. யாரும் படத்தைத் தொடவில்லை. கணினி மெக்கானிக் வரவழைக்கப்பட்டார்.

"சார், இந்தக் கணக்கு அட்டவணையில ரெண்டு பத்தியை மறைச்சது யாரு?"

"நான்தான்" என்றார் பொது மேலாளர். "பழுதான வண்டிகள், டிரைவர் பற்றாக்குறை. இயக்குநர்கள் மனசு கஷ்டப்படக் கூடாதில்ல?"

"படம் அந்தக் கட்டங்களோட ஒட்டிக்கிட்டிருக்கு சார். நீங்க காரணத்தை மறைச்சா, படம் சுருங்கிருது."

"அப்ப காரணத்தை வெளிய எடுக்கணுமா?" பொது மேலாளருக்கு வியர்த்துவிட்டது.

"வேண்டாம். படத்தோட அமைப்புக்குப் போய், 'கட்டங்களோட சேர்ந்து படம் அளவு மாறக் கூடாது'ன்னு ஒரு இடத்துல தட்டினாப் போதும். அப்புறம் காரணத்துக்கும் படத்துக்கும் சம்பந்தமே இருக்காது."

"இப்படி ஒரு வசதி இத்தனை வருஷமா எங்கய்யா இருந்துச்சு!"

அதன் பிறகு 'மேடு சமன்செய்யும் பணி' மும்முரமாக நடந்தது. தாமதம் கூடக்கூட, படத்தையும் இழுத்தார்கள். அது திரையைத் தாண்டி ஓடியது. சுருக்கிப் பார்த்ததில் பாதி மாதங்களின் பெயர் காணாமல் போனது. "போன மாசம்தானே, போகட்டும்" என்றார் பொது மேலாளர். ஆனாலும் ஆண்டு விழாவுக்கு முழுப் படமும் வேண்டுமென்று, அரங்கத்தின் நீளத்துக்குத் துணியில் அச்சிட்டார்கள். சுருட்டினால் எந்தக் காரிலும் ஏறவில்லை. ஒரு பேருந்தை ஒதுக்குவது என்று முடிவானது. எந்தத் தடத்திலிருந்து? புகார் அதிகமுள்ள தடத்திலிருந்துதான். பேருந்தே இல்லாத தடத்தில் தாமதம் ஏது?

அது அதிகாரியின் மனைவி போகும் தடம்.

விழா நாள் காலை, அவர் நின்றிருந்த நிறுத்தத்துக்கு நேரம் தவறாமல் ஒரு பேருந்து வந்து நின்றது. சிக்னலுக்காகத்தான் நின்றது, அது கூட்டத்துக்குத் தெரியாதே, ஓடியது. கண்டக்டர் படியில் நின்று கையை விரித்தார்.

"ஏறாதீங்கம்மா! படம் கசங்கிரும்!"

உள்ளே சுருட்டிய படத்தின் ஒரு முனையைக் கட்டிப்பிடித்தபடி அதிகாரி உட்கார்ந்திருந்தார். மனைவி ஜன்னல் வழியே பார்த்தார்.

"என்னங்க, இதை விட்டா என் வேலை போயிரும்."

பொது மேலாளரின் முகம் அதிகாரியின் கண்முன் வந்து போனது. பிறகு காலை மடக்கி இடம் விட்டார். மனைவி கண்டக்டரின் கைக்குக் கீழே புகுந்து ஏறினார். அவர் பின்னால் நிறுத்தமே ஏறியது. உட்கார இடமில்லாதவர்கள் படத்தின் மேல் உட்கார்ந்தார்கள். சௌகரியமாக இருந்தது என்று சொன்னார்கள். எல்லாரும் அன்று நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அரங்கில் படத்தை விரித்தபோது, கோடு எது, மடிப்பு எது என்று யாருக்கும் விளங்கவில்லை. உடனே விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பழுதான வண்டிகளுக்காக ஒரு குழு அமைக்கக் கிடைக்காத அவகாசம் இதற்குக் கிடைத்தது. குழு ஆழ்ந்து ஆராய்ந்து அறிக்கை தந்தது. புள்ளிவிவர அதிகாரியும் அதில் கையெழுத்திட்டார்:

"கோளாறுக்கு மூல காரணம், பேருந்தில் பயணிகள் ஏறியதே. இனி இவ்வாறு நிகழாமல் கழகம் பார்த்துக்கொள்ளும்."