கமலை நல்லகாமனுக்கு ஒரு நற்சாட்சி

தமுக்கம் மைதானத்துக் கொட்டகையில் அன்று கூடியிருந்தவர்கள் வருமாறு: பிரம்பு நாற்காலியில், பொருட்காட்சிக் கமிட்டித் தலைவர் வக்கீல் பசுபதி. அவருக்கு வலப்பக்கம் முக்காலியில், மடியில் மைதானத்தின் படத்தை விரித்தபடி, காரியஸ்தர் பிச்சுமணி. ஜமக்காளத்தில் முதல் ஆளாகச் சோப்புக் கம்பெனி ஜெயக்கொடி; அவருடைய வெற்றிலைப் பெட்டிக்கு அப்பால் கிராமபோன் கடை முத்திருளன். தட்டி ஓரமாக, தனிப் பாயில், அப்பள வியாபாரம் ஜகதாம்பாள். மற்றக் கடைக்காரர்கள் ஜமக்காளம் கொண்ட மட்டும். செக்கானூரணிக்கு மேற்கேயிருந்து வந்த நல்லகாமன் மட்டும், இடம் இருந்தும் உட்காரவில்லை. வாசல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிச்சுமணி கும்பகோணத்துக்காரர். இந்தப் பொருட்காட்சிக்காகவே வரவழைக்கப்பட்டவர். மதுரைக்கு வந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை. ஊரும் புதிது, மனிதர்களும் புதிது. ஆனாலும் ஒரு மைதானத்தில் கடைகளை எப்படி நிறுத்துவது, எப்படிப் பிரிப்பது என்பதில் அவருக்குத் தம்மேல் சந்தேகமே கிடையாது.

"மைதானத்துக்கு வாசல் ஒண்ணுதான்," என்று படத்தில் பென்சிலை வைத்தார். "பகல்ல வண்டி விட்டா ரோடு அடைச்சுக்கும். அதனால ராத்திரிதான் அனுமதி. கோடியில இருக்கற கடை முதல்ல உள்ளே வரணும், வாசல் கடை கடைசியா. பிரிக்கறச்சே இதுக்கு நேர் தலைகீழ். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

பிச்சுமணி பென்சிலைப் படத்தின் கோடிக்கு நகர்த்தினார்.

"நல்லகாமன், உம்ம கமலைக்குப் பள்ளம் தோண்டணும். அதனால உமக்குக் கோடி இடம். நாளைக்கு ராத்திரி முதல் வண்டி உம்மது."

நல்லகாமன் மூங்கிலிலிருந்து கையை எடுத்தார். "பகல்ல வாரனே சாமி. விடிஞ்சதும் வந்து நிக்கிறேன்."

"ராத்திரின்னா ராத்திரி!"

"என்ன மாப்ள, இருட்டுன்னா பேய்ப் பயமா?" என்றார் ஜெயக்கொடி.

கொட்டகை சிரித்தது. நல்லகாமனும் சேர்ந்து சிரித்தார். "ஆமண்ணே, பேய்தான்."

கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்க இரண்டு மாடு இழுக்கும் கமலையை ஒற்றை மாட்டால் இழுக்கும்படி அவர் தாமே உருளையும் வடமும் மாற்றிச் செய்திருந்தார். இரண்டாவது மாடு வாங்க வழியில்லாத குடியானவனுக்கு அது எவ்வளவு உதவி என்று பிச்சுமணிக்கே தெரியும். தெரிந்ததால்தான் கோபமும் வந்தது.

மறுநாள் ராத்திரி நல்லகாமன் வரவில்லை.

கோடிக் கடை வராமல் அடுத்த கடை போகக்கூடாது என்று பிச்சுமணி வாசலில் எழுதியே ஒட்டியிருந்தார். ஆகவே ஒருவரும் உள்ளே போகவில்லை. காலையில் அவர் வந்து பார்த்தபோது வண்டிகள் ஆற்றுப்பாலம் வரை நின்றன. முத்திருளன் பனிக்குப் பயந்து கிராமபோன் குழாயைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தூங்கினார். வாசலில் ஒட்டிய அறிவிப்பை ஜெயக்கொடியின் மாடு தின்றுகொண்டிருந்தது. பசை நன்றாக இருந்திருக்க வேண்டும்.

வெயில் ஏறியதும் நல்லகாமன் கமலைக் கால்களோடு வந்து இறங்கினார்.

"ராத்திரி ஏங்காணும் வரலை?"

"வயித்து வலி சாமி."

பிச்சுமணி படத்தை அழித்து எழுதினார். நல்லகாமனுக்கு வாசல் ஓரத்து இடம். யாருக்கும் குறுக்கே நிற்காமல் அவர் பகலிலேயே வேலை செய்துகொள்ளலாம். நல்லகாமன் முகம் மலர்ந்துபோயிற்று. சாயங்காலத்துக்குள் பள்ளம் தோண்டி, தண்ணீரும் நிரப்பி, நாலு மணி மோட்டாரில் ஊருக்குப் போய்விட்டார்.

அன்று ராத்திரி உள்ளே வந்த ஜெயக்கொடியின் வண்டி நேராக அந்தப் பள்ளத்தில் இறங்கியது.

காலையில் பள்ளம் நுரைத்துப் பொங்கி ரோடு வரை வழிந்தது. "கெணறு பாலாப் பொங்குதுடியோவ்!" என்று யாரோ சொல்லி, பெண்கள் சூடமும் வெற்றிலையும் கொண்டுவந்துவிட்டார்கள்.

"அது பாலு இல்லை தாயி, என் சோப்பு!" என்று ஜெயக்கொடி மாரில் அடித்துக்கொண்டார். "ஒரு வருச உழைப்பைக் கும்பிட்டுட்டுப் போறீகளே!"

பிச்சுமணி மறுபடி படத்தை அழித்தார். தாள் அந்த இடத்தில் மெலிந்து கிழியும் பதத்துக்கு வந்திருந்தது. நல்லகாமனுக்கு இப்போது மைதானத்தின் நடுவில் இடம். ஒரு பக்கம் கிராமபோன், மறுபக்கம் அப்பளம். பள்ளம் பகலிலேயே தோண்டியாயிற்று. மாடும் வந்தது.

கமலை மாடு பாட்டுக் கேட்டால் இழுக்கும். பாட்டு நின்றால் பின்னால் வரும். பழக்கம் அப்படி. முத்திருளனோ புதுத் தட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லகாமன் வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள், மாடு ஒரு கச்சேரி முழுவதும் தண்ணீர் இறைத்து, ஜகதாம்பாள் உலர்த்தியிருந்த அப்பளத்தையெல்லாம் மிதக்கவிட்டிருந்தது.

"ஏன் ஓய்," என்று ஜகதாம்பாள் பிச்சுமணியின் எதிரில் வந்து நின்றாள். "மாட்டுக்கு இருக்கற ஞானம்கூட உமக்குக் கிடையாதா? தண்ணிக் கடைக்குப் பக்கத்துல யாராவது அப்பளக் கடை போடுவாளா? எல்லாம் களியாப் போச்சே!"

வக்கீல் பசுபதி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "பிச்சுமணி, நாளைக்குக் காலையில கலெக்டர் திறந்து வைக்கிறாரு. அந்தக் கமலை ஒழுங்கா ஒரு எடத்துல நிக்கணும். இல்லைன்னா அதைத் தூக்கிடுங்க."

கோடி இடம் மட்டுமே மிச்சம் இருந்தது. பகலெல்லாம் கோடிக்குப் போகும் பாதையில் வளைவு கட்டுகிறார்கள். குறுக்கே மரம் கொண்டுபோக முடியாது. ராத்திரிதான் வழி.

பிச்சுமணி நல்லகாமனைத் தனியாக அழைத்தார்.

"இன்னிக்கு ராத்திரி இங்கேயே இருந்து முடிச்சா உமக்கு இடம். இல்லேன்னா பேரை அடிச்சுடுவேன்."

"பொண்டாட்டி தனியாப் படுக்கப் பயப்படுவா சாமி."

"நேத்திக்கு வயித்து வலி, இன்னிக்குப் பொண்டாட்டியா? இதோ பாரும், அடிக்கறேன்." பென்சில் தாளில் பட்டது.

நல்லகாமன் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபின் பயந்துபோய் விட்டார்.

"அடிச்சுராதீக சாமி. எம் பேரு எழுதின காயிதம் ஊர்ல இருக்கு. நல்ல விதமா எழுதின காயிதம் ஒண்ணுதான் இல்லை. இங்கன ஒண்ணு கெடைச்சா, புள்ளைக கையில குடுத்துட்டுப் போவேன்."

மேற்கே பார்த்தார். வெயில் வளைவு வேலைக்காரர்களின் முதுகில் இருந்தது. மாட்டின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார்.

"ஊருக்குப் போயி, ஒரு ஏற்பாடு பண்ணிட்டு, இருட்டுனதும் வாரேன்," என்றார்.

வந்தார். பிச்சுமணி காலையில் போய்ப் பார்த்தபோது கோடியில் கமலை நின்றது. கால்கள் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தன. பள்ளத்தின் ஓரம் கூட்டிப் பெருக்கியிருந்தது. ராத்திரி முழுவதும் அந்த ஆள் உட்காரவே இல்லை, வெள்ளி முளைக்கும் முன்பே ஊருக்கு ஓடிவிட்டார் என்று காவல்காரர் சொன்னார். கலெக்டர் வரும் நேரத்துக்கு நல்லகாமன், கண்கள் சிவந்து, வெளுத்த வேட்டியோடு மாட்டின் பக்கத்தில் நின்றார்.

பொருட்காட்சி நடந்த நாளெல்லாம் குடியானவர்கள் அந்தக் கோடியில்தான் கூடினார்கள். ஆனால் பரிசு கிராமபோனுக்குப் போயிற்று. கலெக்டரின் சம்சாரத்துக்கு அதுதான் பிடித்ததாம்.

"இருக்கட்டும் சாமி," என்றார் நல்லகாமன். "மாடு வாங்க முடியாதவுக நாலு பேரு கேட்டுட்டுப் போயிருக்காக." சொல்லிவிட்டு, முத்திருளன் கையிலிருந்த, பரிசோடு கொடுத்த நற்சாட்சித் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். வாசிக்கத் தெரியாதவர் பார்க்கும் பார்வை அது.

கடைசி நாள் சாயங்காலம், பிரிக்கும் வேலை தொடங்கியது. பிச்சுமணி போட்ட வரிசை இந்தத் தடவை அட்சரம் பிசகாமல் நடந்தது. கோடிக் கடைக்கு நல்லகாமன் வரவில்லை. வண்டியோடு அவர் சம்சாரம் பாண்டியம்மாள் வந்திருந்தாள். களையெடுப்புக்கு ஆள் கிடைக்காமல் அவர் காட்டிலேயே நின்றுவிட்டாராம். அவள் வடத்தைச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

பிச்சுமணி கொட்டகையில் உட்கார்ந்து, கமிட்டியின் முத்திரைத் தாளில், தம்முடைய நல்ல கையெழுத்தில் எழுதினார். அந்த மனிதர் கையில் நேரே கொடுத்தால் வீட்டில் ஏதாவது பானைக்குள் போய்விடும். ஊர் கேட்க வேண்டும். ஆகவே கிராம முன்சீப்புக்கே எழுதினார்:

'தங்கள் கிராமம் நல்லகாமன் என்பவர், திறப்பு விழாவுக்கு முன்தின இரவு முழுவதும் இம்மைதானத்திலேயே தங்கி, கண் மூடாமல் தனியாளாக வேலை செய்து முடித்தார். இதைக் காவல்காரரும் நேரில் பார்த்திருக்கிறார். இப்பேர்ப்பட்ட உழைப்பாளி தங்கள் ஊருக்குப் பெருமை. இக்கடிதத்தைச் சாவடியில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.'

வக்கீல் பசுபதியும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். பிச்சுமணி உறையில் போட்டு ஒட்டி, அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை பதித்தார். தபால்காரர் பையில் தம் கையாலேயே போட்டார். சைக்கிள் பாலத்தைத் தாண்டி மறையும் வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு, கோடிக்கு நடந்தார். இத்தனை நாளில் முதல் தடவையாக அவருக்கு மனசு நிறைந்திருந்தது.

"உன் ஆம்படையான் கேட்ட காகிதம் போயாச்சு அம்மா," என்று சொல்லி, எழுதியதை ஒரு வரி விடாமல் மனப்பாடமாக ஒப்பித்தார்.

பாண்டியம்மாள் வடத்தைக் கீழே போட்டாள். தபால் போன பாலத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க ஆம்பளைகளைக் குத்தப் பரம்பரைன்னு சட்டம் போட்டு ரேகை எடுத்து வெச்சிருக்காக சாமி, பொழுதடைஞ்சா முன்சீப்புகிட்டப் பேரு குடுத்துட்டுச் சாவடியிலதான் படுக்கணும், ஒரு ராத்திரி இல்லைன்னாலும் செயிலு… அன்னைக்கு அவுக படுக்குற எடத்துல வைக்கலைக் கட்டிப் போத்தி வெச்சுட்டு அனுப்புனேன், இந்நேரம் வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது."